வெல்லும் குழுவின் மீது ஏன் இவ்வளவு கசப்பு? மாணவர் ரோபோ போட்டிகளின் உள்கணக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று பல பிள்ளைகள் பள்ளி ரோபோ குழுவில் இருக்கிறார்கள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மூன்று நாள் போட்டி முடிந்து தூக்கமில்லாத கண்களோடு வீடு திரும்பும் பிள்ளை சொல்வது பெரும்பாலும் இதுதான்: "அவர்களுக்குப் பின்னால் நாசா இருக்கிறது. ரோபோவைப் பெரிய இன்ஜினீயர்கள் கட்டித் தருகிறார்கள். நாங்கள் என்ன செய்தாலும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்."

கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. பொறாமைப்படாதே என்றால், பிள்ளை சொல்வதில் இருக்கும் நியாயத்தை மறுத்ததாகிவிடும். ஆமாம், எல்லாம் பணம்தான் என்றால், அடுத்த ஆண்டு முயற்சி செய்யவே காரணம் இல்லாமல் போய்விடும். அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு உண்மை, எந்தப் பகுதியை மாற்ற முடியும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், போட்டி நடக்கும் விதம்

மாணவர் ரோபோ போட்டிகளை நடத்தும் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை 1989-இல் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் தொடங்கினார். எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அவரோடு சேர்ந்து போட்டியின் உருவத்தை அமைத்தார். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களோடு முதல் போட்டி நடந்தது. ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெட்டிஷன், சுருக்கமாக எஃப்.ஆர்.சி., என்று இன்று அழைக்கப்படும் அந்தப் போட்டியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிக் குழுக்கள் இருக்கின்றன. இஸ்ரேல், துருக்கி, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளிலிருந்தும் குழுக்கள் வருகின்றன.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு புது விளையாட்டு அறிவிக்கப்படும். பந்தை உயரத்தில் உள்ள வளையத்துக்குள் எறிவது, குழாய்களைக் கம்பத்தில் மாட்டுவது, ஆட்டத்தின் கடைசியில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது என்று ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில வாரங்களுக்குள் அதை ஆடக்கூடிய ரோபோவைக் கட்ட வேண்டும். பேட்டரியும் பம்பரும் நீங்கலாகவே அது ஐம்பது கிலோவைத் தாண்டும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்.

கசப்பைப் புரிந்துகொள்ள முக்கியமானது இனி வருவது. ஒரு பள்ளி இன்னொரு பள்ளியோடு தனித்து மோதுவதில்லை. மூன்று ரோபோக்கள் சிவப்புக் கூட்டணி, மூன்று ரோபோக்கள் நீலக் கூட்டணி. தகுதிச் சுற்றில் யார் யாரோடு சேர்வது என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. காலை பத்து மணிக்கு எந்தக் குழு உங்களை நொறுக்கியதோ, அதே குழு பதினொன்றரைக்கு உங்கள் பக்கத்தில் நின்று உங்களுக்காக ஆடும். தகுதிச் சுற்று முடிந்ததும் தரவரிசையில் மேலே இருக்கும் எட்டு குழுக்கள் கூட்டணித் தலைவர்களாகி, மற்றவர்களில் இருந்து இரண்டிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்.

ஆகவே இங்கே எதிரி என்று நிரந்தரமாக யாரும் இல்லை. மனக்கசப்பு மட்டும் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கிறது.

வலுவான குழு என்றால் யார்?

இங்கே ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் உண்டு. சில எண்களை இந்தப் போட்டியில் இருக்கும் எல்லோரும் அறிவார்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயைச் சேர்ந்த 254, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் ஆதரவு பெற்ற குழு. 2011, 2014, 2018 உட்படப் பல முறை உலகக் கோப்பை வென்றது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் கேத்தரின்ஸ் நகரின் 1114, 2008-இல் 217, 148 ஆகிய குழுக்களோடு சேர்ந்து வென்றது. டெக்சஸின் லீக் சிட்டியிலிருந்து வரும் 118, நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தின் ஆதரவில் இயங்குகிறது.

இவர்களுடைய பிட் பகுதிக்குள் எட்டிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பிட் என்பது ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கப்படும் சுமார் மூன்று மீட்டர் சதுர இடம். அங்கே உதிரிக் கைகள், உதிரிச் சக்கரங்கள், மின்னேற்றம் ஆன பேட்டரிகள் வரிசையாக எண்ணிட்டு அடுக்கியிருக்கும். ஆட்டம் முடிந்து ரோபோ வந்ததும் இரண்டு மாணவர்கள் கையில் பட்டியலோடு ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பார்கள். பக்கத்துப் பிட்டில் நான்கு பேர் ஒரு அறுந்த சங்கிலியைச் சுற்றி உட்கார்ந்து, சங்கிலியைக் கழற்றும் கருவியை யாரிடம் கேட்பது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கசப்பு பிறக்கும் இடம் அதுதான்: இரண்டு பிட்டுகளுக்கும் நடுவே தொங்கும் அந்த மெல்லிய திரை.

குற்றச்சாட்டுகள் என்னென்ன?

தோற்ற குழுக்கள் சொல்வதைத் தொகுத்தால் மூன்று கிடைக்கும். மூன்றும் ஒரே தரமானவை அல்ல.

1. பணம். இது உண்மை. ஒரு போட்டிக்கான பதிவுக்கட்டணமே பல ஆயிரம் டாலர். அதன் மேல் மோட்டார்கள், உலோகம், பயணம், தங்கும் செலவு. பெரிய தொழிற்சாலையும் ஆய்வு மையமும் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கும், விவசாயம் நடக்கும் சிற்றூரின் பள்ளிக்கும் தொடக்கக் கோடு ஒன்றல்ல. ஆனால் நாசா இருக்கிறது என்ற பேச்சில் பாதிதான் சரி. நாசா பல ஆண்டுகளாகப் புதிதாகத் தொடங்கும் குழுக்கள் உட்பட ஏராளமான குழுக்களுக்குக் கட்டண உதவி செய்து வந்திருக்கிறது. குறை சொல்லும் குழுவின் பழைய சட்டையிலேயே நாசா முத்திரை இருப்பதும் உண்டு.

2. பெரியவர்கள் கட்டுகிறார்கள். இதுதான் அதிகம் புண்படுத்தும் குற்றச்சாட்டு. இதை விளங்கிக்கொள்ள ஒரு விதி வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெக்ஸ் என்ற இன்னொரு மாணவர் ரோபோ போட்டியில், வடிவமைப்பும் கட்டுமானமும் நிரலும் மாணவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எஃப்.ஆர்.சி.யில் அப்படி ஒரு கோடு கிழிக்கப்படவில்லை. தொழில்முறைப் பொறியாளர்கள் மாணவர்களின் பக்கத்தில் நின்று வேலை செய்வதை அந்த அமைப்பு தொடக்கத்திலிருந்தே விரும்பியது. கேமனின் எண்ணம், விளையாட்டு வீரர்களைக் கொண்டாடும் நாட்டில் பொறியாளர்களையும் பிள்ளைகள் நெருங்கிப் பார்த்து வியக்க வேண்டும் என்பது. ஆகவே ஒரு வழிகாட்டி கையில் திருகியைப் பிடித்திருந்தால் அது விதிமீறல் ஆகாது. எவ்வளவு தூரம் அது பிள்ளைகளின் கற்றலுக்கு உதவுகிறது என்பது ஒவ்வொரு குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதை அடுத்த பிட்டிலிருந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில் நீங்கள் பார்த்தது, மூன்று மணி நேரம் மாணவர்கள் செய்த வேலையின் கடைசித் திருகாக இருக்கலாம்.

இந்தக் குற்றச்சாட்டால் அடிபடுவது யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியிலிருந்து இரவு பத்து மணி வரை பட்டறையில் நின்ற பதினாறு வயதுப் பெண்ணிடம், "இதை நீ கட்டவில்லை" என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதுதான் அதன் நடைமுறைப் பொருள். வழிகாட்டியைக் குறிவைத்து எறியும் கல் விழுவது அந்தப் பெண்ணின் மேல். என் பார்வையில் இந்தப் போட்டிகளில் நடக்கும் கொடுமையான செயல் இதுதான், பணக்குறையைவிட மோசமானது.

3. கூட்டு வேலை. 2000-களின் நடுப்பகுதியில் சில வலுவான குழுக்கள் ஒரே வடிவமைப்பைப் பகிர்ந்துகொண்டு ஒரே மாதிரியான ரோபோக்களைக் கட்டின. கலிஃபோர்னியாவில் 254-உம் 968-உம், நயாகரா பகுதியில் 1114, 1503, 1680 ஆகிய மூன்றும் அப்படிச் செய்தன. இது ஏமாற்று வேலை என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. இன்று திரும்பிப் பார்த்தால், ஒரு புதிய குழு பழைய குழுவிடமிருந்து ஒரே பருவத்தில் பல ஆண்டு அனுபவத்தைப் பெற்ற வழி அது.

பொறாமையும் ஆற்றாமையும்

பொறாமை என்ற சொல்லைப் பிரித்தால் பொறுக்க மாட்டாமை. இன்னொருவருக்குக் கிடைத்ததைத் தாங்கிக்கொள்ள முடியாத நிலை. ஆற்றாமை வேறு. தன்னால் செய்ய இயலவில்லையே என்ற தவிப்பு அது. பேச்சில் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறோம். உள்ளத்தில் நடப்பதைப் பிரித்தறிய இந்த இரண்டு சொற்களும் தனித்தனியே தேவை.

உளவியல் ஆய்வுகளும் இதே இடத்துக்குத்தான் வருகின்றன. 1954-இல் லியான் ஃபெஸ்டிங்கர், மனிதர்கள் தங்களை எடைபோட்டுக்கொள்ளத் தங்களை ஒத்தவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்று விளக்கினார். செவ்வாயில் ஊர்தி ஓட்டும் விஞ்ஞானிகள் மீது எந்த மாணவருக்கும் எரிச்சல் வருவதில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியின் மீதுதான் வருகிறது. வயது ஒன்று, விதி ஒன்று, களம் ஒன்று. முடிவு மட்டும் வேறு என்பதே அந்த எரிச்சலுக்குக் காரணம்.

2009-இல் நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் வான் டி வென்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் பொறாமையில் இரண்டு வகை இருப்பதைக் காட்டினார்கள். ஒன்று, தன்னை உயர்த்திக்கொள்ளத் தூண்டுவது. மற்றது, எதிரில் இருப்பவரைக் கீழே இழுக்கத் தூண்டுவது. டச்சு மொழியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்களே இருக்கின்றன. எது எப்போது வருகிறது என்பதை அவர்களுடைய தொடர் ஆய்வுகள் இரண்டு கேள்விகளில் கொண்டுவந்து நிறுத்துகின்றன: அவருக்கு அது தகுமா? என்னால் அதை எட்ட முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்று மனம் சொன்னால் வேகம் பிறக்கிறது. இரண்டுக்கும் இல்லை என்றால் வெறுப்பு.

இப்போது அந்த மூன்று குற்றச்சாட்டுகளையும் மறுபடி பாருங்கள். "பெரியவர்கள் கட்டினார்கள்" என்பது முதல் கேள்விக்கு மனம் தேடிக்கொண்ட "இல்லை." "எங்களிடம் பணம் இல்லை" என்பது இரண்டாவது கேள்விக்கான "இல்லை." தன்னால் முடியாது என்ற முடிவு முதலில் வருகிறது, அவர்களுக்குத் தகாது என்ற காரணம் அதன் பின்னால், அந்த வலியைத் தாங்கிக்கொள்ள வருகிறது. பொறாமையின் வேர் ஆற்றாமை. அதனால்தான் "பொறாமைப்படக் கூடாது" என்ற அறிவுரை பிள்ளைகளிடம் எடுபடுவதில்லை. அது இலையைக் கிள்ளுகிறது. ஏதாவது ஒன்றை இன்று செய்ய முடிந்தது என்ற அனுபவம்தான் வேரைத் தொடுகிறது.

விதியில் இருந்த கோளாறு: பையும் முத்திரையும்

எல்லாமே மனதின் வேலை என்று சொல்லிவிடவும் கூடாது. விதியே ஏற்றத்தாழ்வைப் பெருக்கிய காலம் உண்டு.

2019 வரை கட்டுமானத்துக்கு ஆறு வாரங்களே அவகாசம். குறிப்பிட்ட நாள் நள்ளிரவுக்குள் ரோபோவை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, எண்ணிட்ட முத்திரையால் பூட்ட வேண்டும். பெரும்பாலும் போட்டி அரங்கில்தான் பிரிக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் என்பதே இதன் நோக்கம். காகிதத்தில் இதைவிடச் சமமான விதி இருக்க முடியாது.

நடந்தது வேறு. வசதியுள்ள குழுக்கள் அதே ரோபோவை இரண்டாகக் கட்டின. ஒன்று பைக்குள் போனது. மற்றது பட்டறையில் நின்றது. போட்டி நாள் வரை ஓட்டுநர் அதில் தினமும் பயிற்சி செய்தார், நிரல் எழுதுபவர் அதில் தினமும் திருத்தினார். இரண்டாவது ரோபோ கட்ட வழியில்லாத குழுவின் ஓட்டுநர், தன் ரோபோவை முழுமையாக ஓட்டிப் பார்த்தது முதல் ஆட்டத்தில்தான். இந்தப் போட்டியில் அனுபவம் உள்ள எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நல்ல ரோபோவுக்கும் வெல்லும் ரோபோவுக்கும் இடையே இருப்பது ஓட்டுநர் பயிற்சி. சமமாக்க வந்த விதி, அந்தப் பயிற்சியைப் பணமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டது.

2020 பருவத்திலிருந்து பையும் முத்திரையும் நீக்கப்பட்டன. ஒரே ரோபோ வைத்திருக்கும் குழுவும் இப்போது போட்டி நாள் வரை அதை ஓட்டிப் பழகலாம். இதிலும் விலை இல்லாமல் இல்லை. ஆறு வாரத்தில் முடிந்த உழைப்பு இப்போது ஏப்ரல் வரை நீள்கிறது. வழிகாட்டிகளும் குடும்பங்களும் களைத்துப்போகிறார்கள். ஆனாலும் சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். ஒரு குழுவின் சாமர்த்தியத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்காது. அந்தச் சாமர்த்தியத்துக்கு இடம் கொடுத்த விதியைச் சுட்டிக்காட்டியதால் நடந்தது.

மிச்சிகன் மாநிலத்திலும் இதே கதைதான். 2009-இல் அங்கே மாவட்ட முறை தொடங்கியது. பெரிய அரங்கில் ஒரே ஒரு போட்டி என்பதற்குப் பதிலாக, பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் சிறு போட்டிகள். அதே கட்டணத்தில் இரண்டு போட்டிகள், அதிக ஆட்டங்கள். இன்று அமெரிக்காவிலேயே அதிகக் குழுக்கள் உள்ள மாநிலம் மிச்சிகன். முதல் போட்டியில் உடைந்த ரோபோவைச் சரிசெய்து இரண்டாம் போட்டிக்கு வர முடியும் என்பது ஒரு சிறிய குழுவுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, ஒரே போட்டியோடு பருவம் முடிந்த குழுக்களிடம் கேட்டால் தெரியும்.

அறிவு கைமாறும் வழிகள்

பணத்தைப் பகிர்வது கடினம். அறிவு அப்படியல்ல. இந்தப் போட்டியில் வலுவான குழுக்கள் தங்கள் அறிவை மூடிவைப்பதில்லை என்பது, கசப்பில் இருக்கும் பலருக்குத் தெரியாத செய்தி.

254 தன் ரோபோக்களின் நிரலையும், வடிவமைப்பு முடிவுகளை விளக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் பொதுவில் வெளியிட்டு வருகிறது. 118 தன் போட்டி ரோபோவைத் தவிர, எவ்ரிபாட் என்ற பெயரில் எளிய கருவிகளால் குறைந்த செலவில் கட்டக்கூடிய இன்னொரு ரோபோவை வடிவமைத்து, அதன் வரைபடங்களை எல்லோருக்கும் தருகிறது. அதை அப்படியே கட்டிய குழுக்கள் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்து ஆடியிருக்கின்றன. ஓப்பன் அலையன்ஸ் என்ற ஏற்பாட்டில் சேரும் குழுக்கள், கட்டும்போதே தங்கள் தவறுகள் உட்பட எல்லாவற்றையும் வெளியே காட்டுகின்றன.

ஸ்வெர்வ் என்ற சக்கர அமைப்பின் கதையும் இதில் சேரும். நான்கு சக்கரங்களும் தனித்தனியே எந்தத் திசையிலும் திரும்பும். ரோபோ முகம் மாறாமலே பக்கவாட்டில் ஓடும். ஒரு காலத்தில் சொந்தமாக எந்திரப் பட்டறை வைத்திருந்த ஒருசில குழுக்களுக்கே அது கைவந்தது. பின்னர் அந்த அமைப்பு கடையில் வாங்கக்கூடிய பொருளாக வந்தது. இன்று நடுத்தரக் குழுக்களும் அதில் ஓடுகின்றன. விலை இன்னும் சில ஆயிரம் டாலர் ஆகிறது என்பதால் பணத்தின் இடைவெளி மூடிவிடவில்லை. செய்முறையின் இடைவெளி மட்டும் மூடியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடச் சிறிய குழுக்களுக்குப் பயன்படுவது, 1114 பல ஆண்டுகளாகச் சொல்லித்தரும் ஒரு கணக்கு. உங்கள் குழுவிடம் மொத்தம் 30 அலகு ஆற்றல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையை மிகச் சிறப்பாகச் செய்ய 10 அலகு வேண்டும். ஐந்து வேலைகளுக்கு ஆறு ஆறாகப் பிரித்தால் ஐந்தும் அரைகுறை. மூன்று வேலைகளுக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தால் மூன்றிலும் நீங்கள் சிறந்தவர். உங்களிடம் 10 அலகுதான் இருக்கிறதா? ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள்.

சிறிய குழுக்கள் தோற்பதில் பெரும்பகுதி இங்கேதான் நிகழ்கிறது. வலுவான குழுவின் காணொளியைப் பார்த்து, அவர்கள் செய்யும் ஐந்தையும் செய்யப் பார்க்கிறார்கள். மார்ச்சில் ஐந்தும் உடைகின்றன. அவர்களுக்குப் பணம் இருக்கிறது என்ற வாக்கியம் அந்த இரவில் பிறக்கிறது. உண்மையில் அன்று தோற்றது ஜனவரியில் எடுத்த ஒரு முடிவு.

தோல்விக்கு அடுத்த வாரம் செய்யக்கூடியவை

1. ஆட்டக் காணொளிகளை உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே கேள்வி: எந்த நொடியில் புள்ளி நின்றது, ஏன்? பேட்டரி கழன்றதா, ஓட்டுநர் தடுமாறினாரா, கை வளைந்ததா? பத்து ஆட்டங்களின் பட்டியலை எழுதினால், அவற்றில் பணத்தால் மட்டுமே தீரக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கழன்ற மின்கம்பிக்கு நாசா தேவையில்லை.

2. எந்தக் குழுவின் மீது கசப்போ, அதே குழுவின் பிட்டுக்குப் போய் ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள். "எப்படி ஜெயிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "ஆட்டத்துக்கு முன் நீங்கள் சரிபார்க்கும் பட்டியலைக் காட்ட முடியுமா?" என்று கேட்டால் ஒரு மாணவர் அதைக் கையில் எடுத்து விளக்குவார். யார் கட்டினார்கள் என்ற சந்தேகமும் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

3. ரோபோவைச் சீக்கிரம் முடித்து ஓட்டுங்கள். எளிய ரோபோவில் நாற்பது மணி நேரம் ஓட்டிய மாணவர், சிக்கலான ரோபோவில் நான்கு மணி நேரம் ஓட்டியவரைவிடப் பயனுள்ள கூட்டாளி.

4. வழிகாட்டிகளும் பெற்றோரும் தங்கள் நாக்கைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர் வரிசையில் பெரியவர் ஒருவர் "அது மாணவர் கட்டியதல்ல" என்று முணுமுணுத்தால், குழு முழுவதும் அடுத்த மூன்று ஆண்டுகள் அதையே சொல்லும்.

வென்றவர்கள் தரப்பில் ஒரு நெருடல்

கசப்பைக் குறைக்கும் பொறுப்பு முழுவதும் தோற்றவர்கள் தலையில் இல்லை. 2014 பருவத்தின் விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பெரிய பந்தை மூன்று ரோபோக்களும் கைமாற்றிவிட்டு எறிந்தால் 30 புள்ளி கூடுதல். எவ்வளவு திறமையான ரோபோவானாலும் தனியாக ஆடினால் அந்தப் புள்ளி கிடைக்காது. வலுவான குழுக்கள், பந்தையே தொட முடியாத கூட்டாளிகளைத் தேடிப் போய் உதவ வேண்டியிருந்தது.

அந்த உதவி இரண்டு விதமாக நடந்தது. சிலர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் ரோபோவின் இந்தப் பக்கம் ஒரு தகடு வைத்தால் பந்து நிற்கும், சேர்ந்து செய்வோமா?" என்றார்கள். வேறு சிலர் தாங்கள் கொண்டுவந்த பாகத்தைக் கூட்டாளியின் ரோபோவில் மாட்டிவிட்டுப் போனார்கள். இதற்கு அந்த வட்டாரத்தில் சீஸ்கேக் என்றே பெயர் விழுந்தது. ஆறு வாரம் உழைத்துக் கட்டிய கையைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு யாரோ கட்டியதைச் சுமந்து ஆடிய பிள்ளைகளில் சிலர் பதக்கத்தோடு மகிழ்ச்சியாகப் போனார்கள், சிலர் குறுகிப்போனார்கள். பின்னாளில் இதற்கு விதிக் கட்டுப்பாடுகள் வந்தன. இரண்டு வகை உதவிக்கும் இடையிலான தூரம் ஒரு கேள்விதான்: கேட்டுச் செய்தார்களா, கேட்காமல் செய்தார்களா?

வுடி ஃபிளவர்ஸ் இந்தப் போட்டிக்குத் தந்த 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்' என்ற தொடரின் உட்பொருளும் இதுதான். முழு மூச்சோடு போட்டியிட வேண்டும். அதே மூச்சில் எதிரில் இருப்பவரை மதிக்கவும் வேண்டும். அவர் 2019-இல் மறைந்தார். பிட் அரங்கில் ஒலிபெருக்கி "இன்ன எண் குழுவுக்கு ஒரு மோட்டார் கன்ட்ரோலர் தேவை" என்று அறிவித்ததும், அடுத்த ஆட்டத்தில் அதே குழுவோடு மோதப்போகும் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு ஓடுவதை இன்றும் எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

இருபத்து நான்காவது ரோபோ

கூட்டணித் தேர்வின் ஒரு நுணுக்கத்தை மாணவர்களே பலர் கவனிப்பதில்லை. முதல் சுற்றில் தலைவர்கள் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் சுற்று தலைகீழ்: எட்டில் தொடங்கி ஒன்றில் முடியும். எட்டுக் கூட்டணி, மூன்று மூன்று ரோபோ, மொத்தம் 24. ஆகவே எல்லோருக்கும் கடைசியாக அழைக்கப்படும் இருபத்து நான்காவது ரோபோ போய்ச் சேர்வது முதலிடக் கூட்டணியில். அந்த அரங்கின் மிக வலுவான குழு, நாற்பது ஐம்பது குழுக்களில் பாதி பேர் ஏற்கெனவே எடுக்கப்பட்ட பிறகு, மிச்சமிருப்பவர்களில் ஒருவரை நம்பி இறுதிச் சுற்றுக்குப் போகிறது.

யாரை நம்புவது என்பதைத் தீர்மானிக்க அந்தக் குழுவின் மாணவர்கள் இரண்டு நாட்களாக ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆறு ரோபோக்களையும் ஆளுக்கொன்றாகப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். அந்தக் கடைசி இடத்துக்கு அவர்கள் தேடுவது வேகமாக எறியும் ரோபோவை அல்ல. அவை எல்லாம் அதற்குள் போயிருக்கும். நடுவில் நின்றுபோகாத ரோபோ, அபராதம் வாங்காமல் தடுத்தாடும் ஓட்டுநர், சொன்ன திட்டத்தைக் கேட்டு ஆடும் குழு. இவற்றில் எதற்கும் பெரிய பட்டறை தேவையில்லை.

இரண்டாம் நாள் பிற்பகலில், நீங்கள் திட்டிக்கொண்டிருந்த அந்தக் குழுவின் சட்டை அணிந்த இரண்டு மாணவர்கள் கையில் டேப்லெட்டோடு உங்கள் பிட்டுக்கு வந்து, "எத்தனை ஆட்டங்களில் உங்கள் ரோபோ நின்றுபோனது, என்ன காரணம், சரிசெய்துவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். "இரண்டு முறை நின்றது. பேட்டரி இணைப்பு தளர்ந்திருந்தது. இன்று காலை மாற்றிவிட்டோம், அதற்குப் பிறகு நான்கு ஆட்டம் ஓடியிருக்கிறது" என்று ஒரு மாணவர் தயங்காமல் சொல்ல முடிந்தால், அவர்கள் அதைக் குறித்துக்கொண்டு போவார்கள்.